லுஹோசோ பஸ்ஸும் அடைத்த வடிகட்டியும்

நண்பர்களே, இன்று ஒரு ஸ்பானிஷ் சொல் கற்றுக்கொண்டேன். லுஹோசோ. ஆடம்பரமான என்று பொருளாம்.

கற்றுக்கொடுத்தவர் ராசிபுரம்–சேலம் பஸ் முதலாளி. மணிலாவிலிருந்து திரும்பிய மச்சான் சொன்னாராம். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரிப் புகையில் ஓடும் வண்டிக்கு அந்தப் பெயரை எழுதி, சீட்டுகளுக்குச் சிவப்பு வெல்வெட் உறையும் போட்டிருக்கிறார்.

"புகை வடிகட்டியைச் சுத்தம் பண்ணுனீங்களா?" என்றேன். மோட்டார் வேலை படித்தவன் வேறென்ன கேட்பேன்?

"புது உறை போட்ட அன்னிக்கே குத்தம் சொல்லாதீங்க சாமி."

மல்லூர் மேட்டில் வண்டி நின்றது. வழக்கம்போல் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். முதலாளி மட்டும் சீட்டில் இருந்தார்.

என்னோடு தள்ளிய கவுண்டருக்குச் சேலம் கோர்ட்டில் நிலத் தகராறு. கூப்பிடும்போது அவர் இல்லாவிட்டால் காடு பங்காளிக்குப் போய்விடும்.

"ஏனுங்க, அந்தப் பேருக்கு என்னங்க அர்த்தம்?"

சொன்னேன்.

"அப்ப அது அவரு உக்காந்திருக்கறதுக்குப் பேருங்களா?"

தள்ளியும் ஒன்றும் ஆகவில்லை. வடிகட்டியைத் திறந்தால் உள்ளே முழுக்கப் புகைக்கரி. துடைக்கத் துணி கேட்டேன்.

கவுண்டர் நேரே முதலாளியிடம் போனார். "கொஞ்சம் எந்திரிங்க." வெல்வெட் உறையை உருவிக்கொண்டு வந்துவிட்டார்.

வண்டி மேடேறியது. பேர் கூப்பிடுவதற்குள் கவுண்டர் கோர்ட்டில் நின்றார்.

முதலாளி இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். கரி பூசிய வெல்வெட்டுக்கு ஸ்பானிஷில் என்ன பெயர்? தெரிந்தவர்கள் எழுதுங்கள், வண்டியில் பெயரை மாற்ற வேண்டும்.