நுனிக்கொப்பு வெரளிக்காய்

வெளிநாட்டில், லாசால் நகரில் இருக்கும் என் மகன் வீட்டுக்கு வந்த அக்கா, கடையில் வாங்கிய ஒலிவ் போத்தலைத் திறந்து ஒரு காயை என் வாயில் வைத்தாள். உப்பும் கைப்புமாக நாக்கில் பட்டதுமே நான் மட்டக்களப்பில், வெரளி மரத்து உச்சியில் இருந்தேன்.

வெரளிக்காயும் பார்வைக்கு ஒலிவ் போலத்தான், புளிப்பு மட்டும் கூட. விழுந்தால் அடிபட்டுக் கறுத்துவிடும் என்பதால் ஊறுகாய்க்குக் கையால்தான் ஆய வேண்டும். அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த கொப்புகளில் ஆய்வார்கள். அக்கா கீழே ஓலைப்பெட்டியோடு நிற்பாள். எடை குறைந்த குரங்கு நான்தான், எனக்கு நுனிக்கொப்பு.

"எல்லாத்தையும் ஆய்ஞ்சு முடி மகள், அக்காவோட உன்னையும் பள்ளிக்கூடம் விடுறன்," என்றார் அப்பா.

எறும்புக்கடியோடு மூன்று நாள் ஏறினேன். ஒரு காய்கூட விழவிடவில்லை. கடைசி மரத்திலிருந்து மடி நிறையக் காயோடு இறங்கியபோது அக்கா சொன்னாள்: "இவளும் படிக்கப் போனா இனி ஆரு ஏறுற அப்பா? எனக்குத் தலை சுத்தும்."

அப்பா யோசித்தார். "அதுவும் சரிதான் புள்ள."

மடியை அவிழ்த்து அவ்வளவு காயையும் தரையில் கொட்டினேன்.

அக்கா படித்து டீச்சரானாள். இப்போது அவளும் லாசாலில்தான். ஊரிலிருந்து எனக்கு வரும் கடிதங்களை அவள்தான் வந்து வாசித்துக் காட்டுவாள். இன்றும் ஒன்று, நான்கு பக்கம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்றாம் தரமும் வாசித்து முடித்தாள்.

"விளங்கல்ல அக்கா, முதல்ல இருந்து வாசி."

"மூணு தரம் வாசிச்சிட்டனேடி!"

"நான் பள்ளிக்கூடம் போகாதவள்தானே. மெதுவா வாசி."