பெரிய எழுத்துப் போன்

வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, முன்பக்கம் திறக்கும் நைட்டி ஒன்றை நாற்காலியின் முதுகில் இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள் செல்லக்கா. நாற்காலிக்குத் தோள் கிடையாது. நைட்டிக்குத் தோள் வேண்டும். இரண்டு துண்டுகளைச் சுருட்டி உள்ளே திணித்தாள். பின்னால் தொளதொளவென்று நின்ற துணியை மடித்துக் குத்தினாள். ஜன்னல் வெளிச்சம் சாய்வதற்குள் படம் எடுத்தாக வேண்டும். எடுத்தாள். போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பொத்தான்கள் தெரியவில்லை. ஊசிகளைப் பிடுங்கி மறுபடியும் ஆரம்பித்தாள். மறுநாள் காலையில் விடுமுறை விற்பனை தொடங்குகிறது.

அந்தக் கடைக்கு வாசலில் பலகை கிடையாது. மாடியில் மூன்று அறை. ஒன்றில் சரக்கு, ஒன்றில் பார்சல் கட்டும் மேசை, ஒன்றில் முதலாளியம்மா. கையைத் தூக்க முடியாதவர்களுக்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி, வீங்கிய காலுக்கு அகலமாகத் திறந்து ஒட்டிக்கொள்ளும் செருப்பு, இடுப்பை இறுக்காத பாவாடை, இவைதான் சரக்கு. விற்பனை முழுவதும் போன் வழியாக. வருஷக் கடைசி விடுமுறையில்தான் கடைக்கு உயிர். வெளியூரிலிருந்து வீட்டுக்கு வரும் பிள்ளைகள், அம்மா ஒரு நைட்டிக்குள் தலையை நுழைக்கப் படும் பாட்டை அப்போதுதான் கண்ணால் பார்க்கிறார்கள். பார்த்த கையோடு போனை எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் அந்தப் போனில் கடை கண்ணில் பட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது செல்லக்காவின் வேலை.

அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. எந்நேரமும் செல்லும் கையுமாகத் திரிகிறாள் என்று பார்சல் கட்டும் பெண்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளும் அந்த மேசையில்தான் அட்டைப்பெட்டி மடித்து வேலைக்குச் சேர்ந்தவள். குரல் கணீரென்று இருந்ததால் வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கச் சொன்னார்கள். கேட்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இது எங்கே திறக்கும்? படத்தில் அது தெரியவில்லை என்று முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னாள். அப்படியானால் நீயே எடு என்று போன் கைக்கு வந்தது. படம் வந்த பின்னால் படத்துக்குக் கீழே எழுதுவதும், யாருக்கு எப்போது மெசேஜ் அனுப்புவது என்பதும் அவள் தலையில் விழுந்தன.

மற்றதை அவள் பஸ்ஸில் கற்றுக்கொண்டாள். பக்கத்தில் நிற்பவர்களின் போனை ஓரக்கண்ணால் பார்ப்பாள். ஒரு படத்தை ஒரு மூச்சு விடும் நேரம்கூட யாரும் பார்ப்பதில்லை. கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போகிறது. எந்த இடத்தில் அந்த விரல் நிற்கிறது என்பதைக் கவனித்துக்கொள்வாள். இதனால் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டது உண்டு, திட்டு வாங்கியதும் உண்டு.

வருஷாவருஷம் முதலாளியம்மா நோட்டீஸ் அடித்து மருந்துக்கடை, ஆஸ்பத்திரி வாசல் என்று கொடுக்கச் சொல்வார். இந்த வருஷம் வேண்டாம் என்று செல்லக்கா மல்லுக்கு நின்றாள். நோட்டீஸ் குப்பைக்குப் போகிறது, போன் பைக்குள்ளேயே இருக்கிறது, அந்த உழைப்பை இதில் போடலாம் என்றாள். முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"சரி. நீ சொல்றேன்னு செய்யறேன். கவுந்துச்சுன்னா அடுத்த வருஷம் நான் பழையபடி நோட்டீஸ் அடிக்கிறேன். நீ பழையபடி பார்சல் மேசைக்குப் போயிடு."

கோபமாகச் சொல்லவில்லை. துணி அளக்கிற மாதிரி சொன்னார். அதனால்தான் அது செல்லக்காவின் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து தூக்கத்தில்கூடக் கட்டைவிரலை ஆட்டுகிறாள் என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். மேசை வேலை அவளுக்குக் கேவலமில்லை. ஆனால் ஏறி வந்த படியில் எல்லோரும் பார்க்க இறங்குவது வேறு விஷயம்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. விற்பனை தொடங்கும் முன்பு, கடைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் தன் சொந்தப் போனில் ஒரு பொருளை வாங்கிக் காட்ட வேண்டும். கடை ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், பேசக் கூடாது. சைகையும் காட்டக் கூடாது. பெண்கள் இதற்கு வாய்ப்பூட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். வழக்கமாக வந்து வாங்கிக் காட்டும் மருந்துக்கடைக்காரர் மனைவி இந்த முறை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார். எல்லாம்தான் சரியாக இருக்கிறதே, இந்த ஒரு தடவை விட்டுவிடலாமா என்று செல்லக்காவுக்குத் தோன்றியது. பயம் விடவில்லை. வீட்டில் நாத்தனார் இருக்கிறார், அவரை வைத்துச் செய்துவிடலாம் என்று சாயங்காலம் கிளம்பினாள்.

நாத்தனார் அவள் வீட்டுக்காரரின் அக்கா. தொலைபேசி நிலையத்தில் வாழ்நாள் முழுவதும் ஊரார் பேச்சை இணைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். முட்டியில் ஆபரேஷன் ஆகி, தம்பி வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். செல்லக்கா வந்ததும் முதலில் அவர் காலைப் பார்த்தாள். தலையணையை முட்டிக்கடியில் வைத்திருந்தார். அதை எடுத்துக் குதிகாலுக்கடியில் வைத்தாள். முட்டி மடங்கியே இருந்தால் பிறகு நீட்ட வராது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நாத்தனார் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தன் சௌகரியத்துக்கு மாற்றிக்கொள்வார். பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

"உன் கடையில நான் வாங்கணுமா? வீட்டுக்குள்ளயே வியாபாரத்த ஆரம்பிச்சிட்டியா?"

"வாங்குங்க அண்ணி. ஆனா நடுவுல என்னை எதுவும் கேக்கக் கூடாது. நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீ வாய் திறக்காம இருக்கறதைப் பாக்கறதுக்காகவே வாங்கலாம்."

நாத்தனார் எழுந்து உட்கார்ந்து போனை எடுத்தார். அவர் போனில் எழுத்தெல்லாம் சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது. கடையின் பக்கம் திறந்தது. செருப்புப் படத்தில் விரல் நின்றது. செல்லக்காவுக்கு ஒரு மிடறு தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. நாத்தனார் படத்தைத் தொட்டார், விலையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், பரவாயில்லை என்று தலையாட்டினார். பிறகு கீழே தள்ளினார். மேலே தள்ளினார். திரும்பக் கீழே தள்ளினார்.

"இனிய விடுமுறை வாழ்த்துகள்" என்று உரக்கப் படித்தார். "சரி, வாழ்த்துக்கு நன்றி. செருப்பை எங்க வாங்கறது?"

செல்லக்கா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். நாத்தனார் வாழ்த்தைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. படத்தைத் தொட்டார். அது பெரிதானது, சின்னதானது. கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். போனைத் திருப்பிப் பிடித்தார். மூக்கு நுனியில் வேர்வை வந்துவிட்டது. முன்பெல்லாம் எந்த ஊரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒயரைச் செருகியவர், கடைசியில் போனைக் கவிழ்த்து மெத்தையில் வைத்தார்.

"எனக்கு இதெல்லாம் வராதுபோல இருக்கும்மா. வயசாயிடுச்சு. அந்த ஐஸ் பையைக் கொண்டா."

செல்லக்கா ஐஸ் பையைக் கொடுத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தாள். பார்த்த உடனே புரிந்துவிட்டது. பக்கத்தின் அடியில் வாழ்த்துப் பட்டை ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அவள் போனில் அது ரிப்பன் மாதிரி மெல்லிசாக இருந்தது. இந்தப் போனில் எழுத்து பெருத்துப் பட்டையும் பெருத்து, "வாங்கு" பட்டனின் மேல் முழுதாகப் படுத்திருந்தது. அதை மூடும் குறி திரைக்கு வெளியே போய்விட்டது. வாங்க வருகிறவர்களுக்கு வாழ்த்து எதற்கு என்று சில வாரம் முன்பு அதை வைக்கும்போதே முதலாளியம்மா கேட்டார். விடுமுறைக் களை வேண்டும் என்று வாதாடி அதை வைக்கச் செய்தவள் அவள்தான்.

"உங்களுக்கு வயசாகல அண்ணி. பட்டன் மேல நான்தான் துணியைப் போட்டு மூடி வெச்சிருக்கேன்."

"நல்ல வேலை. சம்பளம் வேற குடுக்கறாங்களா?"

பக்கத்தைக் கட்டிக்கொடுத்த வெப்சைட்காரரைப் போனில் பிடித்தாள். அவர் குடும்பத்தோடும் பெட்டிகளோடும் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் அறிவிப்பு ஓடியது. லேப்டாப்பையே எடுத்துவரவில்லை, விடுமுறை முடிந்துதான் தொட முடியும் என்றார். எழுத்தை அவ்வளவு பெரிதாக வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள், விடுங்கள் அக்கா என்று ஆறுதலும் சொன்னார்.

விட்டுவிடலாம்தான். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். அவர்கள் போனில் எழுத்து சின்னது. யாருக்கும் தெரியாமலே போய்விடலாம். அரிசி களைந்துகொண்டே அவள் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாகவே வயதான பெண்கள் கடைக்குப் போன் செய்து, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை, நீயே எழுதிக்கொள்ளம்மா என்கிறார்கள். விடுமுறை வருகிறது, தனியாக இருக்கிறார்கள், பேச ஆள் தேடுகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்பாக இரண்டு வார்த்தை பேசி, முகவரியை எழுதிக்கொண்டாள். பேச ஆள் தேடவில்லை. பட்டனைத் தேடியிருக்கிறார்கள். போன் செய்தவர்கள் கொஞ்சம் பேர். செய்யாமல் கவிழ்த்து வைத்தவர்கள் எத்தனையோ.

கையைத் துடைத்துக்கொண்டு முதலாளியம்மாவை அழைத்தாள். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"பட்டையை உன் போன்ல பார்த்தியா?"

"பார்த்தேன் மேடம்."

"என் போன்ல?"

"அதுலயும் பார்த்தேன்."

"அப்போ நாம ரெண்டு பேரும்தான் வாங்கப்போறோமா?"

காலையில் சீக்கிரம் வா என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். சீக்கிரம் வா என்றால் சரிசெய்யவா, பார்சல் மேசைக்குத் திரும்பவா என்று தெரியாமல் செல்லக்கா வெறும் சாதத்தைப் பிசைந்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை அவள் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. முதலாளியம்மா பார்சல் மேசையருகே உட்கார்ந்து, தன் போனில் எழுத்தை எவ்வளவு பெரிதாக வைக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையிலேயே இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை, இனிமேல் இப்படியே இருக்கட்டும் என்றார். பிறகு முதல் வேலையாக, விற்பனை தொடங்கிவிட்டது என்று பழைய வாடிக்கையாளர்களுக்குத் தானாகப் போகவிருந்த மெசேஜை நிறுத்தச் சொன்னார். செல்லக்கா நிறுத்தினாள்.

பக்கத்தின் அமைப்பில் கை வைக்க அவளுக்கு அனுமதி இல்லை. ஆனால் படங்களும் வார்த்தைகளும் அவள் கையில்தான். பட்டையிலிருந்த வாழ்த்தைச் சுருக்கினாள். பட்டன் பாதி தெரிந்தது. முழுவதையும் அழித்தாள். வெறுமையாக விட முடியாது என்று பக்கம் முரண்டு பிடித்தது.

"ஒரு புள்ளி வை," என்றார் முதலாளியம்மா.

வைத்தாள். பட்டை கோடாகச் சுருங்கியது. "வாங்கு" முழுசாக வெளியே வந்தது.

பார்சல் பெண்கள் வந்ததும் எல்லோர் போனிலும் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். ஆளுக்கு ஒன்றை வாங்கிப் பார்க்க வைத்தாள். செருப்பு அளவு அட்டவணையின் கடைசி வரிசை திரைக்கு வெளியே நின்றது. அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, தடித்த பேனாவால் அளவுகளைக் கொட்டை கொட்டையாக எழுதி, படம் பிடித்து அட்டவணை இருந்த இடத்தில் போட்டாள். பார்க்க அழகாக இல்லை என்று ஒருத்தி சொன்னாள். அளவு தெரிகிறதா என்று மட்டும் கேட்டாள். தெரிகிறது என்றார்கள்.

நாத்தனாரைப் போனில் கூப்பிட்டு, ஒரே ஒரு தடவை மறுபடியும் பாருங்கள் என்று கெஞ்சினாள். போனை வைக்காமலே பார்க்கிறேன் என்றார் அவர். பெரிய மூச்சும், கண்ணாடி உறை திறக்கும் சத்தமும் கேட்டன. காலை நகர்த்தி வைக்கும் முனகல் கேட்டது. செல்லக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். பார்சல் மேசைக் கம்ப்யூட்டர் ஒரு தடவை மணியடித்தது.

"வந்துடுச்சா?" என்றார் நாத்தனார். "நல்ல கலரா பார்த்து அனுப்பு. அழுக்கு நிறத்தை என் தலையில கட்டிடாத."

நிறுத்திவைத்த மெசேஜை அனுப்பலாம் என்று ஆனபோது மதியம் நெருங்கிவிட்டது. காலை நேரம் போனது போனதுதான். அனுப்பு என்று முதலாளியம்மா தலையசைத்தார். தன் அறைக்குத் திரும்பப் போனவர், நிலைப்படியில் நின்றார்.

"அடுத்த வருஷம் வாழ்த்தையெல்லாம் பார்சலுக்குள்ள போடு. போன்ல போடாத."

செல்லக்கா சரி என்றாள். அனுப்பினாள். ஒரு ஆர்டர் வந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அவள் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பினாள். இரண்டு சேர்ந்தாற்போல வந்தன. அதன்பின் பெண்களுக்குப் பேச நேரமில்லை. அவள் வாடிக்கையாளர் அழைப்புகள் வரும் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனாள். இத்தனை நாளில் பார்க்கத் தெரியவில்லை என்று சொன்னவர்களின் எண்களை அதில் தேடி எடுத்து, முதல் எண்ணுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, கடையிலருந்து பேசறேன். அன்னிக்கு உங்களால வாங்க முடியாதது எங்க தப்பு. இப்போ சரி பண்ணிட்டோம். ஒரு தடவை திறந்து பாக்கறீங்களா? நான் லைன்லயே இருக்கேன்."