எடைக்கு எடை வெல்லம்

பழமும் காய்கறியும் மட்டும் தின்றால் ஒரே வாரத்தில் உடம்பு இளைக்குமா என்று யாராவது என்னைக் கேட்டால், இளைக்கும் என்றுதான் சொல்வேன். நான் இளைத்தேன். இளைத்த கையோடு குலதெய்வத்தின் முன்னால், சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தேன். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற ஒரு யூனிட்டில் வேலை பார்க்கிறேன். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளின் ஓரத்தில் இருக்கும் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, காய வைக்கிற வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்வது. உடம்பு போட்டதற்கு அதுதான் காரணம் என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்வேன். வீட்டில் நான் தின்கிற சோற்றின் அளவு அவர்களுக்கு எப்படித் தெரியும்?

போன வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. இங்கே கொஞ்ச நாள் கைவைத்தியம் பார்த்து, முற்றிப்போன பிறகு புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வாரக்கணக்கில் கிடந்தேன். கையில் கிடந்த வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. என் வீட்டுக்காரர் லோடு வேன் ஓட்டுகிறவர். சரக்கை இறக்கிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அதிகம் பேசமாட்டார். என் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்து, மஞ்சள் இறங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். பார்த்துவிட்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார்.

அப்போதுதான் அவர் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டது. என்னைத் தராசில் உட்கார வைத்து எடைக்கு எடை வெல்லம் கொடுப்பதாக. சாமியிடம் என்ன கேட்டார் என்பதை மட்டும் சொல்லவில்லை. நிறைவேற்றுகிற நாளில் கோயிலில் வைத்துத்தான் வேண்டுதலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், முன்னால் சொன்னால் பலிக்காது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். நான் பிழைத்து எழ வேண்டும் என்று கேட்டிருப்பார், வேறென்ன இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

பிழைத்தேன். பிழைத்ததோடு நிற்கவும் இல்லை. பத்தியம் முடிந்ததும் நாக்கு அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி ஆகிவிட்டது. பொங்கலுக்குள் பழைய ஜாக்கெட்டெல்லாம் பொருந்தியது, சித்திரைக்குள் கை இறுக்கியது. வைகாசியில் கோயிலுக்கு நாள் குறித்தார்கள்.

நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தப் பேச்சு வந்தது. எதையும் கிண்டலாகப் பேசுகிற பெண், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாது. தராசின் சங்கிலியை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் அண்ணி, அறுந்தால் சாமிக்கே அடிபடும் என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய், வேண்டாத பாத்திரத்தையெல்லாம் எடுத்துத் தேய்த்தேன்.

மனசுக்குள் அது தைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் போய் யாரும் எடை கேட்பதில்லை. இங்கே என்னடாவென்றால், ஓரகத்தி, கொழுந்தனார், பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் பார்க்க, மண் மூட்டையைப் போல நான் ஒரு தட்டில் ஏறி உட்கார வேண்டும். எதிர்த் தட்டில் வெல்லம் ஏறிக்கொண்டே போகும். இன்னும் வை, இன்னும் வை என்று யாராவது குரல் கொடுப்பார்கள். நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. உயிர் பிழைத்ததற்கு நேர்த்திக்கடன் கழிக்கப் போகிறோம் என்ற நினைப்பே போய்விட்டது.

யூனிட்டில் வண்ணம் பூசுகிற பெண் ஒருத்தியின் போனில் ஒரு வாரத் திட்டம் இருந்தது. முதல் நாள் பழம் மட்டும். அதிலும் வாழை கூடாது, மா கூடாது, பலா கூடாது. மறுநாள் காய் மட்டும். அப்புறம் இரண்டும் கலந்து. பசித்தால் கோஸ் சூப்பு எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாமாம். உப்பில்லாமல் கோஸ் வெந்த தண்ணீருக்குத்தான் அந்தப் பெயர். பண்ருட்டிப் பலா வந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டு முழுக்க வாசம் தூக்குகிற மாசத்தில் நான் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு அந்த வழியாக நடந்தேன்.

முதல் நாள் சாயங்காலமே வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். ஏன் சோறு போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்டார். அவர் குரலில் ஆஸ்பத்திரிக் காலத்துப் பயம் எட்டிப் பார்த்தது. எனக்கு வாயில் வந்தது ஒரு பொய். கோயிலுக்கு விரதம் இருக்கிறேன் என்றேன்.

அவர் நம்பிவிட்டார். மறுநாள் வண்டியிலிருந்து இறங்கும்போது கொய்யாவும் பப்பாளியும் ஒரு பை நிறைய வாங்கி வந்தார். தானும் கவிச்சியை விட்டுவிட்டார். தம்பிக்கும் தங்கைக்கும் போன் போட்டு, நான் வெறும் பழத்தில் விரதம் இருப்பதாகச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். நாத்தனார் என்னிடம் பேசி, அன்றைக்குக் கிண்டல் செய்ததை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று வருத்தப்பட்டது. கையில் இருந்த பப்பாளித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஆனாலும் பட்டினியை நிறுத்தவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் எடை குறைந்துகொண்டிருந்தது. யூனிட்டில் மண் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு ஒன்று உண்டு. மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறிப் பார்ப்பேன். நாளுக்கு நாள் இறங்கியது. தலை கிறுகிறுத்தது, கை நடுங்கி ஒரு பிள்ளையாரின் தும்பிக்கையைக் கத்தியோடு சீவிவிட்டேன், திட்டும் வாங்கினேன். எதுவும் உறைக்கவில்லை. வார முடிவில் நாலு கிலோவுக்கு மேல் போயிருந்தது. பரீட்சையில் பாஸானவளைப் போல வீட்டுக்கு வந்தேன்.

கோயில், நல்லூருக்கு அந்தப் பக்கம், கம்பங்காட்டு நடுவில் இருக்கிறது. நெல் நிறுக்கிற பெரிய தராசை வேப்பமரக் கிளையில் கட்டியிருந்தார்கள். வெல்லம் முழுவதையும் வீட்டுக்காரரே வேனில் ஏற்றி வந்திருந்தார். அதற்கு முந்தின மாசம் பரிசோதனைக்குப் போனபோது ஆஸ்பத்திரியில் என் எடையைப் பார்த்து வைத்திருக்கிறார். சரியாக அந்த அளவுக்கு.

என்னைத் தட்டில் உட்கார வைத்தார்கள். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, வேண்டுதலைச் சொல்லச் சொன்னார். என் வீட்டுக்காரர் சாமியைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் அத்தனை பேருக்கும் கேட்டது.

"நோவுல இவ எலும்பா கெடந்தா. உருகிப்போன ஒடம்பு பூரா இவளுக்குத் திரும்பி வரணும்னு கேட்டன். வந்தா, வந்த ஒடம்ப அப்படியே கொண்டாந்து ஒன் எதிர்ல எட போட்டு வெல்லம் வெக்கிறன்னு சொன்னன். குடுத்துட்ட. கொண்டாந்துட்டன்."

நான் பிழைக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. எந்தச் சதையை வெட்கப்பட்டு நான் பட்டினி போட்டுக் கழித்தேனோ, அதைத்தான் கேட்டிருக்கிறார்.

வெல்லத்தை உருண்டை உருண்டையாக அவரே அடுக்கினார். என் தட்டு மெல்ல எழும்பி, கால் தரையை விட்டது. இரண்டு தட்டும் சமமாக நின்றன. மூட்டையில் இன்னும் வெல்லம் கிடந்தது. அவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கிட்டே வந்து, அத்தனை பேர் முன்னாலும், என் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

நாத்தனார்தான் முந்திக்கொண்டு பேசியது. அண்ணி பழத்தில் விரதம் இருந்தார்கள் அல்லவா, அதில் கொஞ்சம் இறங்கியிருக்கும், பயப்படாதே என்று அண்ணனுக்குத் தைரியம் சொன்னது. இப்படி ஒரு பக்தியை இந்தக் கோயிலில் பார்த்ததில்லை என்றார் பூசாரி. ஓரகத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும், எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அவர் இன்னொரு கண்ணின் இமையையும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரதமெல்லாம் இல்லீங்க," என்றேன். "குண்டாத் தெரியக் கூடாதுன்னு பட்டினி கெடந்தன்."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டது. கால் தரையில் எட்டாமல், இறங்கவும் முடியாமல், தொங்கிக்கொண்டிருந்தேன். பூசாரிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தட்டு சமமாக நின்றுவிட்டது, சாமி ஏற்றுக்கொண்ட கணக்குத்தான் என்றார். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. தான் கொண்டுவருவதாகச் சொன்ன உடம்பு இது இல்லை, ஆவணியில் மறுபடி வருகிறோம் என்று சொல்லிவிட்டார். ஏறின வெல்லம், ஏறாத வெல்லம் எல்லாவற்றையும் கோயிலிலேயே வைத்துவிட்டு என்னைக் கைகொடுத்து இறக்கினார்.

வேனில் வரும்போது திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஊர் நெருங்குகிற வரைக்கும் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

"நீ வேணாம்னு கழிச்ச பாரு," என்றார் பிறகு. "அது நான் அழுது வாங்குனது."

குறைந்த எடை மாசம் முடிவதற்குள் வட்டியோடு திரும்பிவிட்டது. நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இட்லியையும் சோற்றையும் பார்த்ததும் அதுவாக வந்து ஏறிக்கொண்டது. தினமும் என் கையால் பார்க்கிற காரியம்தானே இது. பொம்மையிலிருந்து சீவின பிசிறு காய்ந்தால் கையில் கனமே தெரியாது. தொட்டித் தண்ணீரில் திரும்பப் போட்டால் மறுபடி அதே சேறு. என் உடம்பிலிருந்து போனதும் பெரும்பாலும் தண்ணீர்தான். இவ்வளவு வருஷம் மண்ணோடு இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். காமாலை வந்து போன உடம்பை இப்படிப் பட்டினி போடலாமா என்று சத்தம் போட்டார். இளைக்க வேண்டும்தான், அதை மாசக்கணக்கில் மெதுவாகச் செய் என்றார். தினமும் நட, சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காயைக் கூட்டு, பருப்பும் முட்டையும் விடாதே என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஆவணி போகட்டும்.

இப்போதெல்லாம் நான் சாப்பிட உட்கார்ந்தால் அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். குத்திக்காட்டி ஒரு சொல் சொன்னதில்லை. பானையை நகர்த்தி அவரே பரிமாறுகிறார். நேற்றும் நான் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சோறு வைத்தார். வயிறு நிறைந்துதான் இருந்தது. போதும் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வேன்? குனிந்தபடி பிசைந்து சாப்பிட்டேன்.