பாலோவில் ஒரு வாய்க் கஷாயம்

ரயில் பாலோ ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க நிற்கிறது. ஈறு பழுத்து, என் வலது கன்னம் பன் ரொட்டி மாதிரி உப்பியிருக்கிறது. இந்த முகத்தோடு ஜொகூர் பாருவுக்குப் பெண் பார்க்கப் போகிறேன். இதைச் சொன்னதுமே பிளாட்பாரத்துக் காப்பிக்கடை அஞ்சலை காப்பியை ஒதுக்கிவிட்டு, கொய்யா இலையும் கிராம்பும் உப்பும் போட்டுக் கொதிக்கவைத்த கஷாயத்தை ஆற்றி நீட்டுகிறாள்.

“வாய் நெறைய வச்சிக்குங்கண்ணே. நியோர் ஸ்டேசன் வர்ற வரைக்கும் முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது.”

“நியோர் வரைக்குமா?”

“பொண்ணு வேணுமா, வேணாமா லா?”

கஷாயத்தை வாயில் கவிழ்த்துக்கொண்டு ஓடிப்போய் ரயிலில் ஏறுகிறேன். இப்போது இரண்டு கன்னமும் சமமாக உப்பியிருப்பதில் எனக்குப் பெருமைதான்.

டிக்கெட் பரிசோதகர் வருகிறார். “எங்க போறீங்க?”

“ம்ம்ம்.”

குனிந்து என் கன்னத்தைப் பார்க்கிறார். “அஞ்சலைகிட்ட மாட்டிக்கிட்டீங்களா? நீங்க மட்டும் இல்ல, அங்க பாருங்க.”

கடைசி இருக்கையில் ஒரு சீனக் கடை முதலாளியும் ஒரு பஞ்சாபிக் காவலாளியும் எதிரெதிரே, கன்னம் உப்ப, கோயில் பூதங்களைப் போல அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாளி என்னைப் பார்த்து மிக மரியாதையாகத் தலையசைக்கிறார்.

அவ்வளவுதான், மூன்று பேருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. மூன்று பேரும் மூன்று ஜன்னலுக்குப் பாய்கிறோம். ரப்பர் காட்டுக்குக் கஷாய மழை. நியோர் இன்னும் வரவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வலிக்கவில்லை என்பது சிரித்து முடித்த பிறகுதான் தெரிகிறது.