கதவைத் திறந்தது யார்?

போலீஸ் அறிக்கையை லுசிமாரா எப்போதும் நடுவிலிருந்துதான் படிப்பாள். பெயர், வயது, பிடிபட்ட பொருளின் எடை எல்லாம் அப்புறம். முதலில் கதவு. போலீஸ்காரர்கள் வீட்டுக்குள் எப்படிப் போனார்கள்? நீதிபதியின் உத்தரவு இருந்ததா? இல்லையென்றால் யார் உள்ளே விட்டார்கள்? சால்வடோர் நகரத்தில் ஏழைகளுக்காக அரசு வைத்திருக்கும் இலவச வக்கீல்களில் அவள் ஒருத்தி. கூட வேலை செய்பவர்கள் அவளுக்குக் ‘கதவுக்காரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபத்தைச் செலவழிக்க வேறு இடம் இருந்தது.

ஏழைகள் குடியிருக்கும் பெரிபெரி மேட்டுச் சந்துகளுக்குப் போலீஸ் உத்தரவோடு வந்து அவள் பார்த்ததில்லை. ஆனால் அங்கிருந்து வரும் அறிக்கைகளில் ஒரே வரி மாறாமல் இருக்கும். ‘குற்றம் சாட்டப்பட்டவரின் தாயார் தாமாகவே கதவைத் திறந்து, உள்ளே வர மனமுவந்து அனுமதித்தார்.’ விடியற்காலையில் நீட்டிய துப்பாக்கியோடு வந்து நிற்பவர்களிடம், ‘வாங்கய்யா, என் பிள்ளை எதை ஒளிச்சு வச்சிருக்கான்னு நல்லாத் தேடுங்க’ என்று சொல்லும் தாய்மார்கள் அந்த மேட்டில் மட்டும் எப்படித்தான் முளைத்தார்களோ! நீதிபதிகள் குடியிருக்கும் கடற்கரை அடுக்குமாடிகளில் அப்படி ஒரு தாய்கூடக் கிடையாது.

அந்த மேட்டுக்கு அடுத்த மேட்டில்தான் லுசிமாரா பிறந்தாள். அப்பா அல்மிரோ கொத்தனார். ஞாயிற்றுக்கிழமையானால் இஸ்திரி போட்ட கோட்டு மாட்டிக்கொண்டு கிறிஸ்தவ சபையில் டீக்கன். குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள். சட்டம் படித்து முடித்த அன்று அப்பா தெருவுக்கே கோழிக்குழம்பு ஊற்றினார். அவளுக்குக் கிடைத்த வேலை என்னவென்று தெரிந்ததும் குரல் இறங்கிவிட்டது.

“திருடனுக்குப் பேசவா இவ்வளவு படிச்சே?”

“திருடனான்னு கோர்ட்டு சொல்லணும்ப்பா. போலீஸ் இல்ல.”

“பை அவன் வீட்ல இருந்துச்சா இல்லையா?”

“அவங்க உள்ள போனதே சட்டப்படி இல்லைன்னா, பையைப் பத்திப் பேச்சே கிடையாது. மதிலேறிக் குதிச்சுப் பறிச்ச மாங்காயைச் சந்தையில விக்க முடியாதுல்ல? அந்த மாதிரிதான்.”

“மாங்காய் மாங்காய்தானே?” என்றார் அப்பா.

அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் இருந்தது. சில வழக்குகளில் பை உண்மையாகவே கட்சிக்காரனுடையதாக இருக்கும். அவன் விடுதலையாகிப் போவதைப் பார்க்கும்போது, தான் செய்வது நியாயமா, வெறும் கெட்டிக்காரத்தனமா என்று அவளுக்குத் தெரிவதில்லை. ஆனால் மறுநாள் அடுத்த அறிக்கை வரும். அதிலும் ஒரு தாய் மனமுவந்து கதவைத் திறந்திருப்பாள். லுசிமாராவுக்குத் தலை கொதிக்கும். கேள்வி ஆவியாகிப் போகும்.

ஜோசிமாரின் அறிக்கையும் அப்படித்தான் வந்தது. கடற்கரையில் தகர அடுப்பில் பாலாடைக்கட்டி சுட்டு விற்கிறவன். பத்தொன்பது வயது. கட்டிலுக்கு அடியில் போதைப்பொருள் பை எடுத்ததாகப் போலீஸ் சொன்னது. பை தன்னுடையது இல்லை என்று அவன் சொன்னான். லுசிமாரா சிறையில் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த வரியைப் படித்துக் காட்டினாள்.

“எங்கம்மா கதவைத் திறந்தாங்கன்னா எழுதியிருக்கானுங்க?” அவன் சிரித்தேவிட்டான். “அம்மா அன்னிக்கு வீட்லயே இல்லையே! கதவை உதைச்சுத் தொறந்தானுங்க. தாழ்ப்பாள் இன்னும் தொங்குது.”

“அம்மா எங்க இருந்தாங்க?”

சிரிப்பு நின்றது. “அதைச் சொல்லக் கூடாது.”

“உள்ள கிடக்கறது நீ தம்பி.”

“சொல்லக் கூடாதுன்னா சொல்லக் கூடாது வக்கீலம்மா. சாமி விஷயம்.”

அந்த ஊரில் பிறந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அவன் அம்மா எதெல்வினா சாமிக்குத் தலை கொடுத்திருக்கிறாள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த காந்தோம்ப்ளே சாமிகளின் வீட்டில், முடியிறக்கி, வெளியுலகம் பார்க்காத ஓர் அறைக்குள் வாரக்கணக்கில் அடைந்து கிடந்திருக்கிறாள். அந்த நாட்களில் வெளியே இடி விழுந்தாலும் உள்ளே செய்தி போகாது. மகனைப் பிடித்துக்கொண்டு போனது அவள் வெளியே வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

லுசிமாரா அறிக்கையின் அந்த வரியை மறுபடி படித்தாள். போலீஸ் இந்த முறை தாயைச் சரிபார்க்கவில்லை. எந்த முறை சரிபார்த்தார்கள்? எல்லா வீட்டிலும் ஒரு தாய் இருப்பாள் என்ற நம்பிக்கையில் எழுதிவிட்டார்கள்.

சாமி வீடு மேட்டின் பின்புறச் சரிவில் இருந்தது. சின்ன வயதில் அந்த வழியே போகும்போது கையால் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லுவார் அப்பா. இப்போது அவளே கதவைத் தட்டினாள். பெரிய உடம்பும் சின்னக் கண்களுமாக ஒரு பெண்மணி வந்து நின்றாள். அந்த வீட்டின் தலைவி, தாய் ஸெனைதே.

“டீக்கன் அல்மிரோ பொண்ணுதானே நீ? எங்க மேளத்தை அமுக்கணும்னு உங்கப்பா ஒலிபெருக்கி வாங்கிக் கட்டினாரே, அது இன்னும் வேலை செய்யுதா?”

“ரிப்பேர்ம்மா.”

“நாங்க ஒண்ணும் பண்ணல. சத்தியமா.” தாய் ஸெனைதே வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை அப்படியே மடித்து வைத்துவிட்டு, “எதெல்வினா விரதத்துல இருக்கா. கழுத்துல காப்பு மணி இன்னும் அவிழ்க்கல. அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகவா வந்தே? நான் வந்து சொன்னா ஆகாதா?” என்றாள்.

“உங்களையும் கூப்பிடுவேம்மா. ஆனா கதவைத் திறந்ததா அவங்க பேரைத்தான் எழுதியிருக்கான். திறக்கலைன்னு அவங்க வாயால வரணும்.”

“உள்ள நடந்ததை ஒருத்தர் கேக்கக் கூடாது.”

“கேக்க விடமாட்டேன். எங்க இருந்தாங்கங்கறது மட்டும்.”

“நாற்காலியில உக்கார மாட்டா. யாரையும் நிமிர்ந்து பாக்க மாட்டா. தலைத்துணியை எடுக்க மாட்டா. அது அவளுக்கு உசுருக்கு மேல.”

“துணியை யாரும் தொட மாட்டாங்க. நான் பொறுப்பு.”

தாய் ஸெனைதே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “படிச்ச பிள்ளைங்க பொறுப்புன்னு சட்டுனு சொல்லிடுறீங்க” என்று சொல்லிவிட்டு, உள்ளே கேட்கப் போனாள்.

விசாரணை வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமையானால் ஊரே வெள்ளை உடுத்தும். பேருந்து ஓட்டுநர், வங்கிக்காரர், பழம் விற்கிறவள் எல்லாரும். நீதிபதி ஒத்தோன் கறுப்பு அங்கிக்குள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவருடைய எழுத்தர் கால் செருப்பு வரை வெள்ளை. அரசுத் தரப்பு வக்கீல் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தாள். ஜோசிமார் சிறையில் இருந்தபடியே திரையில் தெரிந்தான்.

சார்ஜென்ட் ஜெனில்சன் முதலில் பேசினார். லுசிமாரா அவரிடம் குரலை உயர்த்தவே இல்லை. கட்சிக்காரனுக்கு எதிரான சாட்சியை மறித்துப் பேசுவதைவிட, பேசவிடுவது நல்லது என்று அவளுக்கு அனுபவம் இருந்தது.

“அந்தம்மா உங்களை நல்லாவே வரவேற்றிருக்காங்க, இல்லையா சார்ஜென்ட்?”

“தங்கமான மனுஷிங்க. உள்ள வாங்கன்னாங்க. காப்பி வேணுமான்னுகூடக் கேட்டாங்க.”

“எப்படி இருந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“நல்லா இருக்கு. அப்பதான் எழுந்திருந்தாங்க. தலை நிறைய முடி, சுருட்டறதுக்கு உருளை மாட்டியிருந்தாங்க.”

“இதெல்லாம் உங்க சட்டையில மாட்டற கேமராவில பதிவாயிருக்குமே?”

“சார்ஜ் இல்லைங்க.”

“அனுமதி கொடுத்ததுக்குக் கையெழுத்து?”

“அவ்வளவு நல்ல மனுஷிகிட்ட எதுக்குங்க கையெழுத்து?”

எழுத்தர் சிரித்தார். லுசிமாராவும் கொஞ்சம் சிரித்து வைத்தாள். உள்ளே அவளுக்குப் பல் நறநறத்தது.

எதெல்வினா வந்தாள். வெள்ளைப் பாவாடை, வெள்ளை மேலாடை, நெற்றி வரை இறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணி. கழுத்தோடு ஒட்டிய மணிக்காப்பு. நாற்காலியைக் காட்டினார்கள். அவள் உட்காராமல், தரையைப் பார்த்தபடி நின்றாள்.

“தலையில இருக்கறதை எடுங்கம்மா” என்றார் நீதிபதி. “கோர்ட்டுல தொப்பி, முக்காடெல்லாம் கூடாது.”

எதெல்வினாவின் கை துணியின் ஓரத்துக்குப் போய் அதைப் பிடித்துக்கொண்டது. எடுக்கவில்லை.

அந்தக் கணம் லுசிமாரா பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அவள் மனம் மின்னல் மாதிரி ஒரு கணக்குப் போட்டுவிட்டது. துணி இறங்கினால் போதும். அடியில் விரல் நீள முடிகூட வளர்ந்திருக்காது. தலை நிறைய முடி, உருளை என்று சத்தியம் செய்தவன் இதே அறையில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு வார்த்தை வாதாட வேண்டாம். ஜோசிமார் இன்றே வீட்டில் இருப்பான். எடுக்கச் சொல்வது நீதிபதிதானே, அவள் இல்லையே?

“காது கேக்கலையா? மத்தியானம் வரைக்கும் இங்கேயே நிக்கணுமா எல்லாரும்?”

எதெல்வினாவின் மற்றக் கையும் துணிக்குப் போவதை லுசிமாரா பார்த்தாள். அப்போதுதான் நாக்கு அசைந்தது. அசைந்த பிறகு நிற்கவில்லை.

“அந்தத் துணியை யாரும் தொடக் கூடாது!”

“வக்கீலம்மா, குரலைத் தாழ்த்துங்க.”

“தாழ்த்த மாட்டேன் ஐயா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. உங்க சட்டை வெள்ளை. உங்க எழுத்தர் அடி முதல் முடி வரைக்கும் வெள்ளை. யாருக்காக இந்த வெள்ளை? இவங்க சாமிக்காகத்தானே? இன்னும் கொஞ்ச நேரத்துல நீங்க சாப்பிடப் போற செம்பனை எண்ணெய்க் குழம்பு யார் வீட்டுப் படையல்ல இருந்து வந்துச்சு? சட்டை வேணும், குழம்பு வேணும். இவங்க தலையில கட்டின முழத் துணி மட்டும் கோர்ட்டுக்கு ஆகாதா? போன மாசம் இதே இடத்துல ஒரு கன்னியாஸ்திரீ முக்காடோட சாட்சி சொன்னாங்க. ‘வாங்க சிஸ்டர்’ன்னு எழுந்து நின்னீங்க!”

“இது அவமதிப்பு.”

“ஆமாங்க, அவமதிப்புதான். யாருக்கு நடந்துச்சுன்னு பதிவைப் போட்டுப் பாக்கறவங்க சொல்லட்டும்.”

நீதிபதி ஒத்தோன் மூலையில் எரிந்த பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். “நிக்கட்டும். சீக்கிரம் கேளுங்க” என்றார்.

எதெல்வினா பேசியது கொஞ்சம்தான். “அன்னிக்கு நான் வீட்ல இல்லைங்க. சாமி அறையில இருந்தேன். என் பிள்ளையைப் புடிச்சுட்டுப் போனதே எனக்குத் தெரியாது. வெளிய வந்தப்ப, கஞ்சி குடுத்துட்டுச் சொன்னாங்க.” அடுத்து வந்த தாய் ஸெனைதே, அறையின் சாவி தன் இடுப்பில்தான் இருந்தது என்றாள். உள்ளே என்ன சடங்கு நடந்தது என்று அரசுத் தரப்பு வக்கீல் கேட்டபோது, “உங்க படுக்கையறையில என்ன நடக்குதுன்னு நான் கேட்டேனாம்மா?” என்று திருப்பிக் கேட்டாள்.

சார்ஜென்டை மறுபடி கூப்பிட்டார்கள். அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அப்ப சித்தியா இருக்கும்” என்றார்.

“எந்தச் சித்தி? பேரு என்ன?”

“தெரியலைங்க. அந்த மேட்டுல வயசான பொம்பளைங்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்காங்க.”

லுசிமாரா வேறு எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. அனுமதி இருந்தது என்று காட்ட வேண்டியது போலீஸின் கடமை, இல்லை என்று காட்ட வேண்டியது ஏழையின் கடமை அல்ல, பதிவு இல்லை, கையெழுத்து இல்லை, திறந்ததாகச் சொன்ன தாயும் வீட்டில் இல்லை என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள். அரசுத் தரப்பு வக்கீல் தோளைக் குலுக்கினாள். நுழைந்தது சட்டவிரோதம், எடுத்த பொருள் சாட்சியமாகாது, வழக்கு தள்ளுபடி, உடனே விடுவிக்கவும் என்று நீதிபதி எழுத்தரிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அங்கியைக் கழற்றினார். உதைத்த கதவைப் பற்றியோ, அந்தப் பையன் சிறையில் கழித்த மாதங்களைப் பற்றியோ, சத்தியம் செய்து பொய் சொன்ன சார்ஜென்டைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. திரையில் ஜோசிமார் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். யாரோ திரையை அணைத்துவிட்டார்கள்.

தாழ்வாரத்தில் தாய் ஸெனைதே லுசிமாராவை இழுத்துக் கட்டிக்கொண்டாள். “டீக்கன் வீட்ல இப்படி ஒரு இடியா!” என்றாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போனாள். எதெல்வினா சுவரோரம் நின்றாள்.

“நன்றி வக்கீலம்மா.”

“என் வேலைதானேம்மா.”

“ஒண்ணு சொல்லணும்.” குரல் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் அதில் கனிவு இல்லை. “நான் கண்ணைத் தாழ்த்தித்தான் நின்னேன். உங்க முகம் தெரியல. கால் தெரிஞ்சுது. கறுப்புச் செருப்பு. அவரு துணியை எடுன்னதும் அது முன்னால வரும்னு பாத்தேன். வரல.”

லுசிமாராவுக்குக் காது சூடாயிற்று. “உங்க பிள்ளைக்காகத்தான்... எடுத்திருந்தா அந்தாளு பொய் அப்படியே...”

“தெரியும். எனக்கும் அது தோணுச்சு. என் பிள்ளைக்காக எடுக்கணும்னா நானே எடுத்திருப்பேன். கைய வச்சுக்கிட்டு அதைத்தான் யோசிச்சிட்டு நின்னேன். ஆனா அது என் தலை. நான் யோசிக்கறதுக்கு முன்னாடி நீங்க யோசிச்சு முடிச்சுட்டீங்க.”

சொல்வதற்கு லுசிமாராவிடம் பதில்கள் இருந்தன. கடைசியில் தடுத்தது நான்தானே, ஒரு நொடிதானே, உங்கள் மகன் வெளியே வருகிறானே. எல்லாமே வாதங்கள். நீதிபதி மேல் இருந்த கோபம், சார்ஜென்ட் மேல் இருந்த கோபம் எல்லாம் திரும்பி வந்து அவள் மேலேயே ஏறி உட்கார்ந்தது.

“ஆமாம்மா,” என்றாள். “சும்மாதான் நின்னேன்.”

எதெல்வினா பாவாடையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

“சரி, வாங்க. ஜெயில்ல ரெண்டு வாசல் இருக்காம். பிள்ளை எது வழியா வருவான்னு எனக்குத் தெரியாது.”