ஆட்டுக்காசில் எடுத்த டிராக்டர்

ஆடு விற்ற காசு என்னுடையது. அதனால்தான் டிராக்டர் ஏலத்துக்கு நானும் போனேன்.

"பொம்பளையாளு அங்கன வந்து என்ன செய்யப் போற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"காசு போற இடத்துக்கு நானும் வாரேன்," என்று சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன்.

பனவடலிசத்திரம் பக்கத்தில் எங்கள் காடு. வானம் பார்த்த கரிசல். மழை பெய்து மண் பதமாக இருக்கிற சில நாட்களுக்குள் உழுது விதைத்துவிட வேண்டும். விட்டால் அந்த வருடம் போச்சு. அந்த நேரம் பார்த்து வாடகை டிராக்டர்காரர்கள் ஒருத்தரும் போனை எடுக்க மாட்டார்கள். ஒரு வருடம் உளுந்து போனது, இன்னொரு வருடம் மக்காச்சோளம் போனது. அதற்குப் பிறகுதான் சொந்தமாக ஒரு பழைய வண்டி வாங்குவோம் என்று முடிவானது. குட்டியிலிருந்து நான் வளர்த்த ஆடுகளை மொத்தமாகப் பிடித்துக் கொடுத்தேன். கொட்டில் காலியான அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சொந்த வண்டியில் உழப் போகிறோம் என்று சொல்லிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஏலம் சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒரு பொட்டலில். கடன் கட்ட முடியாதவர்களிடமிருந்து தூக்கி வந்த டிராக்டர்களைக் கம்பிவேலிக்குள் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வண்டிகளின் முகப்பில் பிள்ளைகள் பெயர், குலசாமி பெயர். யாரோ ஆசை ஆசையாகப் பெயின்ட் அடித்து எழுதிய பெயருக்குக் கீழே சுண்ணாம்பால் ஏல நம்பரைக் கிறுக்கி வைத்திருந்தார்கள்.

வண்டி பார்ப்பதில் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதை நான் மறுக்க மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அடுத்தவர் டிராக்டரை ஓட்டியே வயிறு கழுவியவர். ஆயில் குச்சியை உருவி மூக்கருகே வைத்துப் பார்ப்பார். என்ஜின் மூடியைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால், "முன்னாடியே ஓட்டி வச்சிருக்கான், எதையோ மறைக்கான்," என்று நகர்ந்துவிடுவார். கலப்பையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, அது தானாக இறங்குகிறதா என்று காத்திருந்து பார்ப்பார். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கடைசியில் இவருக்கு ஒரு நீல வண்டியைப் பிடித்திருந்தது. டயர் நன்றாக இருந்தது. புகை சுத்தமாக வந்தது. எனக்கும் திருப்தி.

அப்போதுதான் கடைசி வரிசையில் நின்ற சிவப்பு வண்டியைப் பார்த்தார். மட்கார்டில் துரு, சீட்டில் கிழிசல். இவர் குச்சியை உருவவில்லை, ஸ்டார்ட் பண்ணச் சொல்லவில்லை. முகப்புக்கு நேராகப் போய் நின்று, மஞ்சள் பெயின்டில் எழுதியிருந்த பெயரை மட்டும் வாசித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது இவருடைய அத்தை மகள் பெயர். எனக்கு முன்னால் இவருக்குப் பேசி வைத்திருந்த பெண். கிணறும் மோட்டாருமாக நிலம் வைத்திருந்த மாப்பிள்ளை வந்ததும் அத்தை வீட்டில் பேச்சை மாற்றிவிட்டார்கள். அவளைத் திருவேங்கடம் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். இதையெல்லாம் கல்யாணமான முதல் வாரத்திலேயே என் நாத்தனார், இவருடைய தங்கை, வெற்றிலை மென்றுகொண்டே எனக்குச் சொல்லி முடித்துவிட்டாள்.

காவலுக்கு நின்ற ஆளிடம், "இது எந்த ஊரு வண்டி?" என்று கேட்டேன்.

"திருவேங்கடம் பக்கம்க்கா," என்றான்.

அவள் வண்டியேதான். எனக்குக் காது வரை சூடேறியது.

ஏலத்தில் நீல வண்டி முதலில் வந்தது. இவர் கையைத் தூக்கவில்லை. "ஏங்க, நம்ம வண்டி போகுது," என்று முழங்கையால் இடித்தேன். "பொறு," என்றார். நீல வண்டியை யாரோ சல்லிசாக அடித்துக்கொண்டு போனார்கள். சிவப்பு வண்டிக்கு எதிராளி ஒரு ராஜபாளையத்து வியாபாரி. வண்டியை உடைத்துப் பாகம் பாகமாக விற்கிறவர். அவர் ஏற்ற ஏற்ற இவரும் ஏற்றினார். கத்தரிக்காயில் ரெண்டு ரூபாய் குறைக்கச் சந்தையையே சுற்றி வருகிற மனுஷன், அன்றைக்குக் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வியாபாரி சிரித்துக்கொண்டே கையை விரித்துவிட்டார். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தாயிற்று. தேங்காய் என்னுடையது.

"இத ஏன் எடுத்திய?"

"என்ஜின் நல்ல என்ஜின்."

"ஸ்டார்ட்டுகூடப் பண்ணிப் பாக்கலியே?"

"எனக்குத் தெரியும்ட்டி. ஏறு, போவோம்."

நான் ஏறவில்லை. பஸ்ஸில் போனேன். வழியில் பஸ் இவரைத் தாண்டியது. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கழுத்து தானாகத் திரும்பியது. அந்தப் பெயர் வெயிலில் பளபளவென்று வந்துகொண்டிருந்தது, பின்னால் இவர் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் நறுக்க வந்த நாத்தனார் முகப்பை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "கடைசில அண்ணன் அவள வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டான்!" என்று கையைத் தட்டிச் சிரித்தாள். இவரும் சிரித்தார். அன்றைக்குக் குழம்பில் நான் உப்புப் போடவில்லை. மறந்துபோய் அல்ல.

பெயரை அழிக்கச் சொன்னேன். "பேருதான, இருந்துட்டுப் போகுது. பழைய வண்டிக்குப் பெயின்ட் செலவு வேறயா," என்றார். புரட்டாசியில் மழை விழுந்தது. முதன்முறையாக ஊரில் எல்லோருக்கும் முன்னால் எங்கள் காட்டில் உழவு. சந்தோஷப்பட வேண்டிய நாள். நான் கஞ்சித் தூக்குவாளியோடு வரப்பில் நின்றேன். வண்டி அந்தக் கோடி வரை போய்த் திரும்பும். திரும்பியதும் அந்தப் பெயர் என்னைப் பார்த்து வரும். போகும், மறுபடியும் வரும். என்ஜினோ ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை. மோசமான வண்டியாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லை.

எங்கள் விதைப்பு முடிந்த அன்று போன் வந்தது. அவள் புருஷன்தான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார் இவர்.

"அண்ணாச்சி, சுத்தி எல்லாரும் வெதச்சுட்டாவ. எங்க காடு மட்டும் சும்மா கெடக்கு. மோட்டார் கெணறும் வத்திப்போச்சு. வாடகைக்கு ஒருத்தனும் வரமாட்டேங்கான். ஈரம் காயுது. எங்க வண்டிய நீங்கதான் எடுத்தியளாம்ல, வந்து உழுது தாங்க."

இவர் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்லுத? உன் ஆட்டுக்காசு வண்டி."

என் ஆட்டுக்காசு என்பது ஏலத்தில் ஞாபகம் வரவில்லை, இப்போது வந்துவிட்டது. போகக் கூடாது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் போக மாட்டார். போகாமல் அவளையே நினைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

"போவோம். நானும் வாரேன்," என்றேன்.

இவர் டீசல் வாங்கப் போன நேரத்தில் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அந்தப் பெயரைத் தேய்த்தேன். நகம் உடைகிற வரை தேய்த்தேன். ஒரு எழுத்து மிச்சம் விடவில்லை. திரும்பி வந்தவர் பார்த்தார். டீசலை ஊற்றிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார், கல்லுளிமங்கன்.

அவள் அழகாக இருந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அழகாகத்தான் இருந்தாள். சேலைக்கு மேல் புருஷனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டியிருந்தும் அழகாகத்தான் இருந்தாள். "வாங்கத்தான், வாங்கக்கா," என்றாள். அந்த அத்தான் எனக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. நேராக வண்டியின் முகப்புக்குப் போனாள். தேய்ந்துபோன இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"பேர அழிச்சுட்டியளாக்கா?"

"ஆமா. நான்தான் அழிச்சேன்," என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன்.

"நல்லதாப் போச்சுக்கா. அதப் பாத்துக்கிட்டு எங்களால இங்கன நின்னுருக்க முடியாது," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அவளை வெறுத்து நான் செய்த காரியத்துக்கு எனக்கு நன்றி சொல்கிறாள். கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

பாதிக் காடு உழுதாயிற்று. டீ குடிக்க இவர் வண்டியை நிறுத்தியபோது அவள் பக்கத்தில் வந்தாள்.

"அத்தான், ஒரு நட நான் ஓட்டிப் பாக்கட்டா?"

அவள் புருஷன் கூச்சத்தோடு சிரித்தார். "எனக்கு இடுப்பு போனதுக்கு அப்புறம் அவதான் ஓட்டுனா அண்ணாச்சி."

கூடப்பிறந்த தம்பியையே ஸ்டியரிங்கைத் தொட விடாதவர் இவர். சட்டென்று இறங்கி நின்றார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். கலப்பை மண்ணில் இறங்கியது. கயிறு பிடித்த மாதிரி நேராகப் போனாள். கோடியில் கிணற்று மேடு இருந்தது, இவரே அந்த இடத்தில் பயந்து பயந்துதான் திருப்பினார். அவள் கலப்பையைத் தூக்கி, ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து, நின்ற இடத்திலேயே வண்டியைத் திருப்பி மறுபடியும் இறக்கினாள்.

நான் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவரைப் பார்த்தேன். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை வருடத்தில் அந்த முகத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணப் போட்டோவில் தேடினாலும் கிடைக்காது.

பொழுது சாயத் திரும்பினோம். இவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஊர் எல்லை வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டேவிட்டேன். என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"நெசத்தச் சொல்லுங்க. அவளுக்காகத்தான இந்த வண்டிய எடுத்திய? இன்னும் மனசுல அவதான் இருக்காளா?"

இவர் வேகத்தைக் குறைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி, அந்தக் கெணத்து மேட்டுல அவ வண்டியத் திருப்புனதப் பாத்தியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன்.