கேணியடியில் இரண்டு கடைகள்

கீரிமலைக்கு வருகிற சனம் இரண்டு வகை. ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டிலிப்பாய், மானிப்பாய்ப் பக்கமிருந்து வான் பிடித்து, சோற்றுப் பொட்டலத்தோடு வந்து, கடலை ஒட்டி ஊறும் நல்ல தண்ணீர்க் கேணியில் பொழுதுபடும்வரை கிடப்பவர்கள் ஒரு வகை. இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்ய வருகிறவர்கள் மற்ற வகை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு தெற்கிலிருந்து உல்லாசப் பயணிகள் வருவது நின்றுபோனது. கடைக்காரர் ஊர்ச்சனத்தை நம்பித்தான் பிழைத்தார்கள்.

பராசக்தி கலியாணமான நாளிலிருந்து கேணியடியில் தேநீர் ஆற்றியவள். தேநீர் நன்றாயிருக்கும், முகம்தான் எப்போதும் உம்மென்றிருக்கும். வருகிறவரை வா என்று சொல்லமாட்டாள், போகிறவரைத் திரும்பியும் பார்க்கமாட்டாள்.

எண்பத்தைந்தில் மானிப்பாயிலிருந்து வந்த பியாட்றிஸ் பராசக்தியின் கடைக்குப் பக்கத்தில் கடை போட்டாள். அவளுடைய தேநீர் வெறும் சுடுதண்ணீர் என்பது பராசக்தியின் தீர்ப்பு. ஆனால் வாய் நிறையச் சிரிப்பு.

"வாங்கோ அண்ணை, தண்ணி குளிருதோ?" என்பாள். போகும்போது, "போட்டு வாங்கோ, அடுத்தமுறை பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அப்படியே அங்கே சாய்ந்தது. பராசக்திக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்தியேட்டிக்காரர் மட்டும் இவளிடமே வந்தார்கள். அவர்களால்தான் அடுப்பு எரிந்தது. ஆனால் அவள் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. கண் முழுவதும் அடுத்த கடையில்தான்.

"இஞ்சேருங்கோ, உவள் என்ன வசியம் வைச்சிருக்கிறாள்?" என்று புருசன் முத்துக்குமாருவைக் கேட்டாள்.

"வசியமொண்டுமில்லை. நீரும் சனத்தோடை ரெண்டு வார்த்தை கதையுமன்" என்றார் அவர்.

அவள் கதைத்துப் பழகினாள். சிரித்தும் பழகினாள்.

அடுத்த கிழமை உரும்பிராய்க் குடும்பமொன்று அந்தியேட்டி முடித்து ஈரத்தலையோடு வந்து தேநீர் குடித்தது. செத்தது தாய். பிள்ளைகளுக்கு நடுவே வயதான தகப்பன் இருந்தார். பக்கத்துக் கடையிலிருந்து பியாட்றிஸ் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் பராசக்திக்கு வேகம் வந்துவிட்டது. அவர்கள் எழும்பியபோது முகமெல்லாம் சிரிப்பாக, "போட்டு வாங்கோ. அடுத்தமுறையும் என்னட்டைத்தான் வரவேணும்" என்றாள்.

செத்தவீட்டுக்காரரிடம் எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை. இன்னொரு சாவு வரட்டும் என்றாகிவிடும். வாய் திறக்காமல் பிரிவதுதான் வழக்கம்.

மூத்த மகன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தகப்பனைக் காட்டினான். "ஆருக்கு அடுத்தமுறை? அப்புவுக்கோ?" என்றான்.

கதை அன்றைக்கே அந்தியேட்டிக்காரர் தங்கும் மடங்களெல்லாம் பரவியது. பிறகு வந்த அந்தியேட்டிக் குடும்பங்கள் பியாட்றிஸின் கடையில் ஏறின. சிரித்து வாய் கொடுத்து அவளும் மாட்டிக்கொள்வாள் என்று பராசக்தி காத்திருந்தாள். அவர்கள் குடித்து முடித்து எழும்பினார்கள். பியாட்றிஸ் சிரிக்கவில்லை. ஒதுங்கி நின்று, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் அவர்களைப் போகவிட்டாள்.

சிரிப்புத்தான் அவளுடையது, அது போகட்டும். பேசாமல் நிற்பது பராசக்தியுடையதல்லவா? அதையும் பறித்துக்கொண்டாள்.